ஒரு கோள் கிடைத்தது, ஒரு கோள் கிடைக்கவில்லை

பதினோராம் வகுப்பு இயற்பியல் ஆய்வகத்தில் தனி ஊசல் சோதனை நடக்கும் நாளில் ஒரு காட்சி தவறாமல் அரங்கேறும். நூலில் கட்டிய உலோகக் குண்டை ஆடவிட்டு, இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை எடுத்துக் கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று வர வேண்டும். வருவதோ 9.2, பக்கத்து மேசையில் 10.6. மாணவர் நூலின் நீளத்தை மறுபடி அளக்கிறார். குண்டின் ஆரத்தைச் சேர்த்தோமா என்று பார்க்கிறார். நிறுத்துக் கடிகாரத்தைத் தாமதமாக அழுத்திவிட்டதாகத் தோழரைக் கடிந்துகொள்கிறார். மின்விசிறியை நிறுத்திவிட்டு இன்னொரு முறை எண்ணுகிறார். ரெக்கார்டு நோட்டில் "நியூட்டன் தவறு, நாங்கள் நிரூபித்துவிட்டோம்" என்று மட்டும் எவரும் எழுதுவதில்லை.

ஏன் எழுதுவதில்லை? மதிப்பெண் போய்விடும் என்ற பயம் பாதி விடைதான். சோதனையே அறிவியலின் இறுதி நீதிபதி என்று அவர்களுடைய பாடப்புத்தகம் சொல்லியிருக்கிறது. அப்படியானால் சோதனை சொன்ன எண்ணை நம்பாமல் பழைய கொள்கையைக் காப்பாற்றும் அந்த மாணவர் அறிவியலுக்குத் துரோகம் செய்கிறாரா, அறிவியலைத்தான் செய்கிறாரா? இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் அறிவியல் மெய்யியல் என்ற துறையின் வாசலுக்கு வந்துவிடலாம். பெயர் மிரட்டினாலும் அது கேட்பவை எளிய கேள்விகள்தான். ஒன்றை அறிந்துவிட்டோம் என்று எப்போது சொல்லலாம்? கொள்கையும் கண்ணும் மோதினால் எதை விடுவது?

பள்ளியில் சொல்லித்தரும் விடை ஒரு படிக்கட்டு போன்றது. முதலில் உற்றுநோக்கு, பல நிகழ்வுகளைத் திரட்டு, அவற்றிலிருந்து ஒரு கருதுகோளுக்கு வா, சோதித்துப் பார், தேறினால் அது விதி. இதன் முதல் மூன்று படிகளை நம் வீட்டு அடுப்படி ஒரே வரியில் சொல்லிவிடும்: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். கண்டது ஒரு பருக்கை, சொல்வது பானை முழுவதையும் பற்றி. கண்ட சிலவற்றிலிருந்து காணாத அனைத்துக்கும் தாவும் இந்த முறையைத் தொகுத்தறிதல் என்பார்கள்.

இந்தத் தாவல் நியாயமா என்று கேட்டவர்களில் மிகவும் பெயர்பெற்றவர் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம். 1739-இலும் 1748-இலும் வந்த நூல்களில் அவர் கேட்டது இது: நேற்றுவரை நடந்ததே நாளையும் நடக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? "இதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது" என்றால், எதை நிறுவ வேண்டுமோ அதையே சாட்சிக்கு அழைத்ததாகிவிடும். தமிழிலும் இந்த வழக்கு பழையது. மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டுவருகிறாள். அவர்களுள் பூதவாதி நேரில் காண்பதை மட்டுமே அறிவுக்கு அளவையாக ஏற்கிறான். கண்டதைக் கொண்டு காணாததை ஊகிக்கும் கருதலை ஏற்க மறுக்கிறான். ஹியூமுக்குப் பல நூற்றாண்டு முந்தைய அந்தப் பிடிவாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் சோறு பதமாகத்தானே இருக்கிறது? ஆம், ஏனென்றால் பானையில் உள்ளது ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ என்று சமைப்பவருக்கு முன்பே தெரியும். கல்யாண வீட்டு அண்டாவில் அதே சமையல்காரர் ஒரு பருக்கையோடு நிறுத்தமாட்டார். அடி குழைந்து மேல் வேகாமல் இருக்கலாம் என்பதால் கிளறி, நாலு இடத்தில் எடுத்து நசுக்கிப் பார்ப்பார். எத்தனை பருக்கை பார்த்தோம் என்ற எண்ணிக்கையைவிட, பானையைப் பற்றி ஏற்கெனவே என்ன தெரியும் என்பது முக்கியம். வெறும் கண், வெறும் எண்ணிக்கை என்று ஒன்று கிடையாது. அவற்றுக்குப் பின்னால் எப்போதும் ஒரு முன்னறிவு நின்றுகொண்டிருக்கிறது.

வானியலில் இதற்கு அருமையான சான்று உண்டு. 1781 மார்ச் 13 அன்று இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டுபிடித்தார் என்று படிக்கிறோம். ஆனால் அதை முதலில் பார்த்தவர் அவரில்லை. 1690-இலேயே ஜான் பிளாம்ஸ்டீட் அதைப் பார்த்து, ரிஷப மண்டலத்தின் 34-ஆம் விண்மீன் என்று பட்டியலில் சேர்த்திருந்தார். பிரான்சில் லெமோனியே பலமுறை பார்த்திருந்தார். ஹெர்ஷலேகூட முதலில் வால்மீன் என்றுதான் அறிவித்தார். சனிக்கு அப்பால் ஒரு கோள் இருக்கக்கூடும் என்ற எண்ணமே இல்லாத காலத்தில், கண்முன் நின்ற கோளும் விண்மீனாகவே தெரிந்தது.

இனி இந்தக் கட்டுரையின் உயிரான கதைக்கு வரலாம்.

யுரேனஸ் சூரியனை ஒருமுறை சுற்ற 84 ஆண்டுகள் ஆகும். 1821-இல் பிரெஞ்சு வானியலாளர் அலெக்சி பூவார் அதன் பாதைக்கு அட்டவணை தயாரித்தபோது, பழைய பதிவுகளும் புதிய பதிவுகளும் ஒத்துவரவில்லை. பழையவற்றை ஒதுக்கிவிட்டு அட்டவணையை வெளியிட்டார். சில ஆண்டுகளிலேயே யுரேனஸ் அந்த அட்டவணையையும் மீறியது. விலகல் மிகச் சிறியது. முழுநிலவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் நியூட்டனின் கணக்கில் அதற்கு இடமில்லை.

ஆய்வகத்து மாணவரின் நிலைமைதான், அளவு மட்டும் பெரியது. எதைச் சந்தேகிப்பது? பழைய பதிவுகள் பிழையாக இருக்கலாம். அத்தனை தொலைவில் ஈர்ப்பு விதியே சற்று மாறலாம். இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி இதைப் பரிசீலித்தார். அல்லது, காணாத இன்னொரு கோள் யுரேனஸை இழுக்கலாம். கேம்பிரிட்ஜில் ஜான் கூச் ஆடம்ஸும் பாரிசில் உர்பேன் லெவெரியேயும் ஒருவரையொருவர் அறியாமல் மூன்றாவது வழியில் இறங்கினார்கள். கோளின் இழுப்பைக் கொண்டு பாதையைக் கணிப்பது வழக்கம். இவர்கள் பாதையின் பிசகிலிருந்து கோளின் இடத்தைத் தேடும் தலைகீழ்க் கணக்கைப் போட்டார்கள்.

லெவெரியேயின் கடிதம் 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லின் வானாய்வகத்தில் இருந்த யோகான் காலேயின் கைக்கு வந்தது. அன்றிரவே காலே தொலைநோக்கியில் கண் வைத்தார். பக்கத்தில் மாணவர் ஹைன்ரிக் தாரெஸ்ட் புதிய விண்மீன் வரைபடத்தை விரித்துவைத்து, காலே சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவந்தார். சிறிது நேரத்தில் வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி வந்தது. லெவெரியே சொன்ன இடத்திலிருந்து அது 1 டிகிரிகூட விலகியிருக்கவில்லை. அதுதான் நெப்டியூன். (இதையும் கலிலியோ 1612-இலும் 1613-இலும் பார்த்து, விண்மீன் என்று குறித்துவைத்திருந்தார். கேம்பிரிட்ஜின் ஜேம்ஸ் சாலிஸ் அதே 1846 ஆகஸ்டில், கோளைத் தேடிக்கொண்டிருந்தபோதே, பார்த்தும் அறியாமல் கடந்துபோனார்.)

காகிதத்தில் போட்ட கணக்கு வானத்தில் ஒரு கோளைக் கொண்டுவந்து நிறுத்தியது. நியூட்டனைச் சந்தேகிக்காததற்கு இதைவிடப் பெரிய வெகுமதி இருக்க முடியாது.

அடுத்த பிசகு சூரியனுக்கு அருகில் இருந்தது. புதன் சூரியனை நெருங்கிவரும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நகர்கிறது. மற்றக் கோள்களின் இழுப்பையெல்லாம் கழித்த பிறகும் கொஞ்சம் நகர்வு மிஞ்சுவதை 1859-இல் கண்டு சொன்னவர் அதே லெவெரியே. நூறு ஆண்டுக்கு 38 வில்விநாடி என்றார். பின்னர் சைமன் நியூகோம் அதை 43 என்று திருத்தினார். ஒரு டிகிரியை 3600 கூறாக்கினால் ஒரு கூறுதான் வில்விநாடி. இந்த வேகத்தில் முழுநிலவின் அகலத்தைக் கடக்க நாலாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். அவ்வளவு சிறிய மிச்சத்தைக்கூட விட்டுவிட மனம் வராத துறை அது.

லெவெரியேக்குத் தெரிந்த மருந்து ஒன்று இருந்தது, ஏற்கெனவே பலித்த மருந்து. புதனுக்கும் சூரியனுக்கும் நடுவே இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்றார். அதற்கு வல்கன் என்று பெயரும் வந்தது. சரியான நேரத்தில் சாட்சியும் வந்தார். ஓர்ஜேர் என்ற பிரெஞ்சு கிராமத்தின் மருத்துவர் எட்மோன் லெஸ்கார்போ, 1859 மார்ச் 26 அன்று சூரிய வட்டத்தின் குறுக்கே ஒரு கரும்புள்ளி நகர்ந்ததைத் தம் சிறிய தொலைநோக்கியில் பார்த்ததாக எழுதியிருந்தார். ஆண்டுக் கடைசியில் லெவெரியே ரயிலேறி, மீதித் தூரத்தை நடந்தே கடந்து, முன்னறிவிப்பில்லாமல் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். குறுக்கு விசாரணையே நடந்தது. மருத்துவரின் கடிகாரத்தில் விநாடி முள் இல்லை. நூலில் கட்டித் தொங்கவிட்ட தந்தக் குண்டின் ஆட்டத்தைக் கொண்டு விநாடிகளை எண்ணியிருந்தார். கணக்குகளை மரப்பலகையில் எழுதி, இடம் போதாதபோது இழைத்துவிட்டு மேலே எழுதுவது அவர் வழக்கம். கடுமையாகத் தொடங்கிய லெவெரியே மனநிறைவோடு திரும்பினார். மருத்துவருக்கு நாட்டின் உயர் விருது கிடைத்தது. வல்கன் சூரியனை ஏறக்குறைய 20 நாளில் சுற்றுவதாகக் கணக்கும் வெளிவந்தது.

அதே நாளில் அதே நேரத்தில் பிரேசிலில் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்த எமானுவேல் லியே, தாம் எந்தக் கரும்புள்ளியையும் காணவில்லை என்றார். கணித்த நாள்களில் வல்கன் வரவில்லை. அவ்வப்போது யாராவது பார்த்ததாகச் சொல்வார்கள். பிறகு அது சூரியப் புள்ளி என்று தெரியவரும். 1878 ஜூலை 29 முழுக் கிரகணத்தின்போது அமெரிக்காவில் ஜேம்ஸ் வாட்சனும் லூயிஸ் ஸ்விஃப்டும் கண்டதாக அறிவித்தார்கள். இருவர் சொன்ன இடங்களும் சரியாகப் பொருந்தவில்லை. பின்னர் நடந்த கிரகணங்களில் எடுத்த புகைப்படங்கள் 1908 வாக்கில் அந்த நம்பிக்கையை ஏறக்குறைய அணைத்துவிட்டன. லெவெரியே அந்த முடிவைக் காண இருக்கவில்லை. 1877-இல், வல்கன் உண்டு என்ற நம்பிக்கையோடு, அவர் இறந்தார். அந்த நாளும் செப்டம்பர் 23. நெப்டியூன் கிடைத்த அதே நாள்.

இரண்டு முறையும் அவர் செய்தது ஒன்றே. அறிவு, உழைப்பு, முறை எதிலும் குறையில்லை. ஒருமுறை கோள் இருந்தது, மறுமுறை இல்லை. வெற்றியை அறிவியல் என்றும் தோல்வியைப் பிடிவாதம் என்றும் பின்னாளிலிருந்து பெயரிடுவது எளிது. ஆனால் 1846-இலும் 1859-இலும் வாழ்ந்தவருக்கு அந்த வசதி இல்லை.

இடையில் வேறு வழியை முயன்றவரும் உண்டு. 1894-இல் அமெரிக்காவின் அசாஃப் ஹால், தொலைவின் 2-ஆம் படிக்கு மாறாக 2.00000016-ஆம் படி என்று விதியைத் துளி மாற்றினால் புதனின் கணக்கு சரியாகிவிடும் என்று காட்டினார். புதனுக்குப் பொருந்திய அந்த ஒட்டுப்போடல் நிலவின் இயக்கத்துக்குப் பொருந்தவில்லை, கைவிடப்பட்டது. கடைசியில் 1915 நவம்பர் 18 அன்று, நெப்டியூனைக் கண்ட அதே பெர்லினில், ஐன்ஸ்டைன் தம் புதிய ஈர்ப்புக் கொள்கையிலிருந்து புதனின் நகர்வைக் கணக்கிட்டு அறிவித்தார்: 43 வில்விநாடி. புதனுக்காக எந்த எண்ணையும் முடுக்கித் திருகாமல் வந்த விடை அது. இம்முறை மாற வேண்டியிருந்தது விதியேதான்.

அந்தக் கொள்கை இன்னொன்றும் சொன்னது. சூரியனை உரசிவரும் விண்மீன் ஒளி 1.75 வில்விநாடி வளையும். பழைய கணக்கில் அதில் பாதிதான். 1919 மே 29 கிரகணத்தை ஆர்தர் எடிங்டன் பிரின்சிபே தீவிலிருந்தும், இன்னொரு குழு பிரேசிலின் சோப்ராலிலிருந்தும் படமெடுத்தார்கள். நவம்பரில் முடிவு வந்தபோது வியன்னாவில் 17 வயது கார்ல் போப்பர் அதைக் கவனித்தார். அவரை உலுக்கியது ஐன்ஸ்டைனின் வெற்றியைவிட அவர் காட்டிய துணிச்சல். அளவு வேறாக வந்திருந்தால் கொள்கை விழுந்திருக்கும்.

அதே வியன்னாவில் பிராய்டு, ஆட்லர் ஆகியோரின் உளவியல் கொள்கைகள் பரபரப்பாகப் பேசப்பட்டன. ஒருவன் குழந்தையைத் தண்ணீரில் தள்ளினாலும், இன்னொருவன் குழந்தையைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்தாலும், இரண்டையும் அந்தக் கொள்கைகள் ஒரேபோல விளக்கிவிடுவதைப் போப்பர் கண்டார். எது நடந்தாலும் பொருந்தும் கொள்கை எதையும் சொல்லவில்லை என்பது அவர் முடிவு. 1934-இல் வெளிவந்த நூலில் இதையே அளவுகோலாக்கினார்: எது நடந்தால் தான் பொய் என்று முன்கூட்டியே சொல்லத் துணிகிறதோ அதுவே அறிவியல் கொள்கை. எத்தனை சாட்சியாலும் அதை முற்றாக நிறுவ முடியாது. ஹியூம் கேட்டது சரிதான். ஆனால் ஓர் எதிர்ச்சாட்சி அதைக் கவிழ்க்கும்.

மாணவர்களுக்கு இது உடனே பிடித்துப்போகும், பிடிக்கவும் வேண்டும். அடுத்த நிமிடமே யுரேனஸ் நினைவுக்கு வர வேண்டும். போப்பர் சொல்வதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் 1840-களிலேயே நியூட்டனைக் கைவிட்டிருக்க வேண்டும், நெப்டியூன் கிடைத்திருக்காது. பிரெஞ்சு இயற்பியலாளர் பியேர் துயெம் 1906-லேயே இதன் காரணத்தைச் சொல்லியிருந்தார். எந்தச் சோதனையிலும் கூண்டில் நிற்பது ஒரே கொள்கையாக இருப்பதில்லை. ஈர்ப்பு விதி, கோள்களின் எண்ணிக்கை, தொலைநோக்கியின் ஒளியியல், கடிகாரம், கணக்கு எல்லாம் சேர்ந்தே நிற்கின்றன. கணிப்பு பொய்த்தால் இவற்றுள் ஏதோ ஒன்று குற்றவாளி என்று மட்டும் தர்க்கம் தீர்ப்புச் சொல்லும். எது என்று சொல்லாது. நூலின் நீளத்தை மறுபடி அளந்த மாணவர் துயெம் சொன்னதைத்தான் செய்தார். (நோட்டில் எண்ணை மாற்றி எழுதினால் அது வேறு கதை, அங்கே கூண்டே கலைக்கப்படுகிறது.)

1919 முடிவும் அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. சோப்ராலில் ஒரு தொலைநோக்கியின் படங்கள் பழைய கணக்குக்கு நெருக்கமான எண்ணைக் காட்டின. குவியம் கலைந்துவிட்டது என்று அவற்றை ஒதுக்கினார்கள். வேண்டாத சாட்சியை விரட்டினார்களா என்ற கேள்வி நெடுங்காலம் இருந்தது. 1979-இல் அதே தகடுகளை நவீனக் கருவியில் அளந்தபோது ஐன்ஸ்டைனின் எண்ணுக்கு நெருங்கிய விடையே வந்தது. ஒதுக்கியவர்களின் தேர்ந்த கண் தவறவில்லை. ஆனால் அந்தக் கண்ணுக்கு எழுதிவைத்த விதி எதுவும் இருக்கவில்லை.

அப்படியானால் எந்த ஒட்டுப்போடலும் செல்லுமா? செல்லாது. கொள்கையைக் காப்பாற்றக் கொண்டுவரும் புதிய ஊகம் தன்னைத்தானே சோதனைக்குக் கொடுக்க வேண்டும். வல்கன் தோற்றாலும் அது நேர்மையான ஊகம்: இந்த நாளில் இந்த இடத்தில் தேடுங்கள் என்றது, தேடினார்கள், இல்லை. யார் கண்ணுக்கும் என்றைக்கும் படாத கோள் என்று லெவெரியே சொல்லியிருந்தால் அவரை மறுக்கவே முடியாது, பயனும் இருக்காது. லண்டனில் கற்பித்த ஹங்கேரியர் இம்ரே லக்கடோஷ் இதைத்தான் வளரும் ஆய்வு, தேயும் ஆய்வு என்று பிரித்தார். வளர்வது புதியனவற்றை முன்கூட்டியே சொல்லிப் பலித்துக்கொண்டு போகும். தேய்வது நடந்தவற்றுக்குப் பின்னாலேயே சமாதானம் சொல்லிக்கொண்டு ஓடும்.

பொறுமையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அணுக்கருவின் பீட்டாச் சிதைவில் கொஞ்சம் ஆற்றல் காணாமல் போனபோது, ஆற்றல் அழிவின்மை விதியையே விடத் தயாராக இருந்தார் நீல்ஸ் போர். வொல்ப்காங் பாவுலி 1930-இல், கண்ணுக்குப் படாத ஒரு துகள் அந்த ஆற்றலைக் கொண்டுபோகிறது என்றார். நியூட்ரினோ என்று பெயர்பெற்ற அது 1956-இல்தான் அகப்பட்டது. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடம் 1965-இல் நம் பக்கத்திலேயே, தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்க வயலில், 2 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் பதிவானது. முதல் தோல்வியிலேயே ஊகத்தைத் தூக்கியெறியும் பழக்கம் இருந்திருந்தால் இந்த 26 ஆண்டுக் காத்திருப்பு நடந்தேயிருக்காது.

தாமஸ் கூன் 1962-இல் எழுதிய நூல் இந்தப் பொறுமையை அறிவியலின் இயல்பான நிலையாகவே காட்டியது. பெரும்பாலான நாள்களில் விஞ்ஞானிகள் ஒரு பொதுச் சட்டகத்துக்குள் நின்று புதிர்களை விடுவிக்கிறார்கள். விடுபடாத புதிர்கள் குவிந்து, மாற்றுச் சட்டகமும் கிடைத்தால்தான் புரட்சி. புதனின் 43 வில்விநாடி அரை நூற்றாண்டுக்கு மேல் மேசையில் கிடந்தும் ஏறக்குறைய எவரும் நியூட்டனை விடவில்லை. விட்டுப் போக வேறு இடமும் இருக்கவில்லை. கூனைப் படித்துவிட்டு, அறிவியல் என்பது கூட்டத்தின் ஒப்புதல் மட்டுமே என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அது அவசரம். எத்தனை பேர் ஒப்புக்கொண்டாலும் வல்கன் சூரியனைக் கடந்து வரவில்லையே.

லெவெரியேயின் இக்கட்டு இன்றும் தீரவில்லை. 1933-இல் பிரிட்ஸ் ஸ்விக்கி, கோமா கொத்திலுள்ள விண்மீன் மண்டலங்கள் கண்ணுக்குத் தெரியும் நிறை தாங்காத வேகத்தில் ஓடுவதைக் கண்டார். 1970-களில் வேரா ரூபினும் பிறரும் மண்டலங்களின் விளிம்பிலுள்ள விண்மீன்களிலும் அதே பிசகைக் கண்டார்கள். மறுபடி அதே இரண்டு வழிகள். காணாத நிறை ஒன்று இழுக்கிறது என்பவர்கள் அதை இருண்ட பொருள் என்கிறார்கள். பெரும்பாலோர் இந்தப் பக்கம். அதற்கு வலுவான காரணமும் உண்டு: ஒளி வளையும் அளவும், பிரபஞ்சத்தின் தொடக்கக் காலக் கதிர்வீச்சும் தனித்தனியே அந்த நிறையைக் கேட்கின்றன. 1983-இல் இஸ்ரேலின் மொர்தகாய் மில்க்ரோம் மற்ற வழியைத் திறந்தார்: மிகச் சிறிய முடுக்கங்களில் இயக்க விதியே மாறுகிறது என்றார். தனி மண்டலங்களின் சுழற்சியை அது வியக்கத்தக்க அளவு சரியாகச் சொல்கிறது, கொத்துகளில் தடுமாறுகிறது.

அந்த இருண்ட பொருளைத் தேடும் இடங்களில் ஒன்று, அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலுள்ள ஹோம்ஸ்டேக் என்ற பழைய தங்கச் சுரங்கம். அங்கே 1960-களில் ரேமண்ட் டேவிஸ் சூரிய நியூட்ரினோக்களை எண்ணி, எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கையே கண்டார். சூரியனைப் பற்றிய கணக்கு தவறா, டேவிஸின் தொட்டி தவறா என்று முப்பது ஆண்டுகள் வாதம் நடந்தது. இரண்டும் சரி, நியூட்ரினோ வரும் வழியில் வகை மாறுகிறது என்று 2001, 2002-இல் கனடாவின் சட்பரி ஆய்வகம் காட்டியது. டேவிஸ் வேலை செய்த அதே சுரங்கத்தில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், இப்போது பல டன் திரவ செனான் நிரப்பிய தொட்டியொன்று இருண்ட பொருளின் துகளுக்காகக் காத்திருக்கிறது. இதுவரை எதுவும் சிக்கவில்லை. அங்கே வேலை செய்பவர்கள் கருவியின் நுட்பத்தைக் கூட்டிக்கொண்டு, இரைச்சலை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு, தாங்கள் தேடுவது நெப்டியூனா வல்கனா என்று தெரியாமலே தேடிக்கொண்டிருக்கிறார்கள்.